எல்லாவற்றுக்கும் ஐந்து

மார்ச் செமஸ்டரின் நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், தெராத்தாய் பல்கலைக்கழகத்தின் சி பிளாக் முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து முந்நூற்றுப் பத்து மீட்டர் தள்ளி நின்றது. ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. இரண்டாம் மாடியில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசல் காவலர் தன் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு புதிய இடத்துக்கு நடந்தார். நடந்து சேர ஏழு நிமிடம் ஆனதாகக் காவல் புத்தகத்தில் எழுதினார். பத்து மணிக்குள் அலுவலகம் புதிய வரைபடம் ஒன்றை அச்சடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியது. அதன் அடியில் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை, வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

தெராத்தாய் தொடங்கியபோது அது ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்று மாடிகள் மட்டும்தான். மாணவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மழை பெய்தால் ஈரப் பஞ்சு வாசனையோடு பாடம் கேட்டார்கள். பிறகு பட்டம் கொடுக்கும் உரிமை வந்தது, ஊருக்கு வெளியே நிலம் வந்தது, மாணவர் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தொட்டது. முதல் ஐந்தாறு ஆண்டுகள் மற்ற இடங்களைப் போல இங்கேயும் கட்டடக் குத்தகைக்காரர் வந்தார், லோரியில் மணல் வந்தது, தொழிலாளர்கள் சாரத்தில் ஏறி இறங்கினார்கள். அதற்குப் பிறகு கட்டட வேலைக்கு யாரும் வரவில்லை. கட்டடங்கள் தாமாகவே வளர்ந்தன. ஒரு வாரம் நடைபாதை நாற்பது அடி நீண்டது. மறு வாரம் நூலகத்துக்கும் உணவகத்துக்கும் நடுவில் ஒரு புல்வெளி விரிந்தது, அதில் முற்றி வளர்ந்த மரங்களும் இருந்தன. வாசலை ஒட்டி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்ற மலாய்க்காரப் பெண்மணி, தன் மேசையை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமலே வளாகத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டதைக் கண்டு, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார். பொட்டலத்துக்கு ஐம்பது காசு ஏற்றினார். மாணவர்கள் ஒரு மாதம் பேசிக்கொண்டது அந்த ஐம்பது காசைப் பற்றித்தான்.

ஒன்பதாயிரம் பேரில் விடுதியில் தங்கியவர்கள் அறுபது பேர். மிச்சம் உள்ளவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். கிள்ளான், சுங்கை பூலோ, காஜாங், ரவாங் என்று நாலா திசையிலிருந்தும் ரயிலேறி, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி மாறி, செர்டாங் நிலையத்தில் பல்கலைக்கழக வேனுக்கு வரிசை பிடித்தார்கள். ஒரு நாளில் இவர்கள் வகுப்பில் இருந்ததைவிட ரயிலில் இருந்த நேரம் அதிகம். ஆகவே பல்கலைக்கழகத்தைப் பற்றிய கருத்தெல்லாம் ரயிலில்தான் உருவாயிற்று. மூன்றாம் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. பத்து மணி வகுப்புக்கும் இரண்டு மணி வகுப்புக்கும் நடுவில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. தமிழ்ச் சங்கம் கூட்டத்தை மாலை ஆறரைக்கு வைக்கிறது, அது யாருக்காக? குளிர்சாதனத்தில் விரல் மரத்துப் போகிறது. குழுவேலை என்றால் நாலு பேரில் ஒருத்தி செய்கிறாள், மூன்று பேர் பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு மூட்டை இருந்தது, ரயில் புறப்பட்டதும் மூட்டையை அவிழ்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஆனால் பல்கலைக்கழகம் கருத்துக் கேட்டபோது அவர்கள் வேறு மாதிரி பதில் சொன்னார்கள். திங்கள்கிழமைதோறும் கைப்பேசிச் செயலியில் ஒரு படிவம் வரும். நாற்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண்ணை அழுத்த வேண்டும். ஒன்று என்றால் சற்றும் சம்மதமில்லை, ஐந்து என்றால் முழுச் சம்மதம். அதை முடிக்காதவர்களுக்கு அந்த வாரத்து வேன் அட்டை திறக்காது. செர்டாங் நெருங்குகிறது, பின்னால் வரிசை முட்டுகிறது, யார் படிப்பார்கள்? கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஐந்து, ஐந்து, ஐந்து என்று இழுத்துவிட்டு இறங்கினார்கள். அவசரம் மட்டும் காரணம் இல்லை, பயமும் உண்டு. குறைவாகப் போட்டால் யார் போட்டது என்று மாணவர் மெட்ரிக் எண்ணை வைத்துப் பிடிப்பார்கள் என்று பேச்சு இருந்தது. வீட்டிலும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். ரப்பர் தோட்டத்துக் காலத்தில் கங்காணி வந்து எல்லாம் சரிதானே என்று கேட்டால் சரிங்க என்று சொல்லிப் பழகிய குடும்பங்கள் அவை. எதையும் எழுதி வைக்காதே, நல்லா இருக்குன்னு போட்டுட்டு வா என்பது மூன்று தலைமுறைப் புத்திமதி.

அந்த ஐந்துகளுக்குப் பலன் இருந்தது. ஒன்பதாம் கேள்வியில் குளிர்சாதன வசதிக்கு முழுச் சம்மதம் தெரிவித்ததால் மே மாதம் நூலகத்துக்குள் பனி விழுந்தது. துப்புரவுப் பெண்கள் அதை வாளியில் அள்ளிச் செடிக்கு ஊற்றினார்கள். இருபத்திரண்டாம் கேள்வியில் வளாக நிகழ்ச்சிகளில் மகிழ்ச்சியுடன் பங்கேற்பதாகச் சொன்னதால், விளையாட்டுப் போட்டியின் படங்களில் மூவாயிரம் மாணவர்கள் திடல் நிறைய ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் ரயிலில் தூங்கி வழிந்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். இருந்தாலும் படத்தைப் பார்த்துத் தன் கால் அவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று சிலர் மகிழ்ந்தார்கள். விவியன் என்ற பெண் நானூறு மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியிருந்தாள். பதக்கமும் தபாலில் வந்தது.

இந்த விவியனைப் பற்றித்தான் மேலே சொல்ல வேண்டும். கிள்ளானில் தெலுக் பூலாய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. அப்பா மரியநாயகம் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பதில்லை. அம்மா டொரத்தி மாதா கோயில் பெண்கள் குழுவில் முக்கியமானவர். பாலர்பள்ளிக் கல்விப் பட்டத்தில் விவியனுக்கு இது கடைசி செமஸ்டர், மிச்சம் இருப்பது 'ஆய்வு முறைகள்' என்ற ஒரே கடினமான பாடம். வகுப்பு செவ்வாயும் வியாழனும் காலை எட்டரைக்கு, சி பிளாக்கில். டாக்டர் சுகுமாறன் எட்டரைக்கு அறைக்குள் நுழைந்து திரையில் கியூஆர் கோடு போடுவார். அடுத்த பதினைந்து நிமிடத்துக்குள் கைப்பேசியால் அதைப் பிடித்தால் வந்த கணக்கு, இல்லையென்றால் வராத கணக்கு. முன்பெல்லாம் வகுப்பில் இருப்பவர் படமெடுத்து ரயிலில் இருப்பவருக்கு அனுப்புவார். இப்போது கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதையும் செயலி பார்த்துவிடுகிறது. இருபத்தெட்டு வகுப்பில் ஐந்துவரை தவறலாம். ஆறாவது தவறினால் தேர்வு எழுதத் தடை. விவியன் போன வருடமே இதே பாடத்தில் ஒருமுறை தடை வாங்கியவள். இரண்டாம் முறை வாங்கினால் பட்டமே கிடையாது, மூன்றரை வருடமும் போனது போனதுதான்.

அவளுக்குக் கிடைக்கும் முதல் ரயில் ஐந்து முப்பத்தைந்துக்கு. நாலரைக்கு எழுந்தாள். செமஸ்டர் தொடங்கியபோது செர்டாங்கிலிருந்து சி பிளாக்குக்கு வேனில் பதினொரு நிமிடம். நான்காவது வாரம் பதினெட்டு, ஏழாவது வாரம் இருபத்தாறு. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்தக் கட்டடம் அசைந்து அசைந்தே அவள் காலையைத் தின்றது. எட்டு நாற்பத்தாறுக்கு ஒருமுறை போனாள், எட்டு நாற்பத்தொன்பதுக்கு ஒருமுறை. வேனுக்குள் உட்கார்ந்தபடி கண்ணுக்குத் தெரிகிற கட்டடம் கிட்டே வராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கைப்பேசியில் நிமிடத்தை எண்ணுவாள். வேன் ஓட்டுகிற லோகன் அண்ணன் எண்பதில் போனார், தொண்ணூறில் போனார். "நான் என்ன செய்றது தங்கச்சி, நான் ஓட்ட ஓட்ட அது போய்க்கிட்டே இருக்குலா," என்றார். ஒன்பதாவது வாரத்துக்குள் நான்கு வகுப்பு போய்விட்டது.

கேஎல் சென்ட்ரல் மேடையில் தினமும் அவளோடு நின்றவன் பிரவின். சுங்கை பூலோவிலிருந்து வருகிறவன், அதே பாடம், அதே கடைசி செமஸ்டர். பட்டம் கையில் கிடைத்தால் சுங்கை பூலோவிலேயே ஒரு பாலர்பள்ளியில் அவனுக்கு இடம் வைத்திருந்தார்கள். காலையில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் பசியாறியாச்சா என்று கேட்பதற்குப் பதிலாக எத்தனை என்று கேட்டுக்கொள்வார்கள். நாலு என்றாள் அவள். எனக்கும் நாலு என்றான் அவன். அந்தக் கணக்கு ஒன்றாகவே ஏறியது இருவருக்கும் ஒரு தைரியமாக இருந்தது.

ஒன்பதாவது வாரம் புதன்கிழமை விவியன் தரக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போனாள். அது மெத்தைக் கடைக்கு மேலேயே இன்னும் இருந்தது. அந்தப் பிரிவில் சிவநேசன் என்ற ஒரே ஓர் அதிகாரி. கேரி தீவில் பிறந்தவர், நிதானமான மனிதர். அவள் கட்டடத்தைப் பற்றிப் புகார் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து பதினான்காம் கேள்வியைக் காட்டினார். 'வகுப்புக் கட்டடங்கள் தள்ளித் தள்ளி அமைவது எனக்கு வசதியாக இருக்கிறது.' மாணவர்களின் சராசரிச் சம்மதம், ஐந்துக்கு நான்கு புள்ளி தொண்ணூற்றேழு.

"நாங்க ஒன்னும் கட்டல தங்கச்சி," என்றார். "கான்ட்ராக்டர் வந்தே எத்தனையோ வருஷமாச்சு. அது எங்க பேச்ச கேக்கறதும் இல்ல. ஸ்டூடன்ட் என்ன சொல்றாங்களோ அத மட்டும் செய்யுது. திங்கக்கெழம நீங்க சொல்றீங்க, செவ்வாக்கெழம அது நகருது."

"யார் சார் அப்படி சொன்னது? ரயில்ல எல்லாரும் திட்டிக்கிட்டுத்தான் வர்றாங்க."

"ரயில்ல சொன்னது இங்க வராதே," என்று சிவநேசன் அவளுடைய மெட்ரிக் எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினார். ஒன்பது திங்கள்கிழமை, ஒன்பது ஐந்து. விவியனுக்கு முகம் சுட்டது. அந்த ஒன்பது முறையும் செர்டாங்குக்கு ஒரு நிலையம் முன்னால் கட்டைவிரல் கீழே இறங்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. போகும்போது சிவநேசன் இன்னொன்றும் காட்டினார். படிவத்தின் கடைசியில் 'வேறு கருத்துகள்' என்று ஒரு சிறிய பெட்டி. பதினோரு வருடத்தில் அதில் ஒருவர்கூட ஓர் எழுத்து எழுதியதில்லை. எழுதினால் அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தனக்கே தெரியாது என்றார்.

அடுத்த திங்கள்வரை விவியன் ரயிலில் ஒவ்வொரு பெட்டியாகப் போய்ச் சொன்னாள். பெண்கள் பெட்டியில் சொன்னாள், வேன் வரிசையில் சொன்னாள், வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். பதினான்காம் கேள்விக்கு மட்டும் ஒன்று போடுங்கள், மற்றதற்கு என்ன வேண்டுமானாலும் போடுங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். சிலர் ஆவேசமாகப் பேசி அவளையே மிஞ்சினார்கள். ஒரு பையன் கழிப்பறையைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். ஆனால் பேர் தெரிந்துவிடுமே என்றாள் ஒருத்தி. எல்லாரும் போட்டால் போடுகிறேன் என்றான் ஒருவன். நான் ஒருத்தி போட்டு என்ன ஆகப்போகிறது என்றாள் இன்னொருத்தி. வீட்டில் டொரத்தியும் விடவில்லை. "வம்ப வெலைக்கு வாங்காதம்மா. டிசம்பர்ல உனக்கு கான்வோ, பட்டம் வாங்கப்போறேன்னு சாமியார்கிட்டவரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன். நல்லா இருக்குன்னு போட்டுட்டுப் பேசாம இரு," என்றார். திங்கள்கிழமை பிரவின் ஒன்று போட்டான், விவியன் ஒன்று போட்டாள், மேலும் ஒரு நூற்றைம்பது பேர் போட்டார்கள். மற்றவர்களுக்குச் செர்டாங் வந்துவிட்டது. சராசரி நான்கு புள்ளி தொண்ணூற்றொன்று. செவ்வாய்க்கிழமை சி பிளாக் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவில் நின்றது. வேன் நாற்பத்தொரு நிமிடம் ஓடியது. விவியனும் பிரவினும் மூச்சு வாங்கப் படியேறியபோது எட்டு ஐம்பத்திரண்டு.

"அஞ்சு," என்றான் பிரவின்.

"எனக்கும்," என்றாள் விவியன்.

அந்த வியாழக்கிழமை ரயில் ஏதோ புண்ணியத்தில் சீக்கிரம் வந்ததால் இருவரும் தப்பித்தார்கள். ஆனால் இன்னும் எட்டு வகுப்பு இருந்தது, ஒன்றுகூடத் தவறக்கூடாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விவியனுக்குச் சோறு இறங்கவில்லை. பூசையில் முழங்காலில் நின்றபோதும் நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்றுதான் மனசு எண்ணியது. பதினோராவது வாரம் திங்கள்கிழமை காலை, ரயிலில் படிவம் வந்ததும் அவள் நாற்பத்திரண்டு கேள்விகளையும் முதன்முறையாகப் படித்து, உள்ளதை உள்ளபடி போட்டாள். படிவத்தின் கடைசியில் இருந்த கருத்துப் பெட்டிக்கு வந்தாள். 'சி பிளாக் எல்லாருக்கும் பக்கமாக இருக்க வேண்டும்' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தாள். எல்லாருக்கும் பக்கம் என்றால் எங்கே? சுங்கை பூலோவுக்கும் காஜாங்குக்கும் கிள்ளானுக்கும் பக்கமாக எந்த ஊர் இருக்கிறது? செர்டாங் அடுத்த நிலையம் என்று ஒலிபெருக்கி சொன்னது. எதிரே பிரவின் நின்றபடியே கண்ணை மூடியிருந்தான், முந்தின நாள் சரியாகத் தூங்காத முகம். அவன் கணக்கும் ஐந்து என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள், இதில் மறைக்க ஒன்றும் இல்லை. எழுதியதை அழித்தாள். 'சி பிளாக் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்தால் நல்லது' என்று எழுதி, வீட்டு எண்ணும் தெருப் பெயரும் அஞ்சல் குறியீடும் போட்டு அனுப்பினாள். பெட்டியில் எழுதியவர் ஒரே ஒருவர் என்பதால் எழுதியவர்களில் நூற்றுக்கு நூறு பேருடைய கருத்தும் அதுவாகவே இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குப்பை கட்டி வெளியே வைக்கப் போன டொரத்தி கதவைப் பாதி திறந்தபடி நின்றார்.

"விவியன், உன் காலேஜ் வந்திருக்கு," என்றார்.

எதிரே பையன்கள் பந்து விளையாடும் திடலில் சி பிளாக் நின்றது. ஐந்து மாடி, எல்லா விளக்கும் எரிந்தபடி. கோல் கம்பம் ஒன்று அதன் படிக்கட்டுக்குக் கீழே போயிருந்தது, மற்றபடி சேதம் இல்லை. பக்கத்து வீட்டு அங்கிள் தன் காரை எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போனார். விவியன் நாலரைக்கே எழுந்து குளித்துத் தயாராக இருந்தாள். எட்டரைவரை செய்வதற்கு ஒன்றுமில்லாமல், காலணியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மூன்றரை வருடத்தில் பத்து மணிக்கு முன்னால் அவளுக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது, அதை எப்படி அனுபவிப்பது என்று தெரியவில்லை. கட்டடம் இடம் மாறிய செய்தி ஏழு மணிக்குத்தான் செயலியில் வந்தது. அதற்குள் பிரவின் கேஎல் சென்ட்ரல் தாண்டிவிட்டான்.

எட்டரைக்கு டாக்டர் சுகுமாறன் வகுப்பறைக்குள் நுழைந்தார். அவர் வீடு பக்கத்திலேயே, ஷா ஆலாமில் இருந்ததால் காரில் வர அவருக்குச் சிரமம் இல்லை. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கியூஆர் கோடு போட்டார், இருபது வருடமாக அது அவருக்கு ஒரு கௌரவம். ஐம்பத்திரண்டு பேர் வகுப்பில் கிள்ளான் பக்கத்துக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். விவியனின் கைப்பேசி 'வந்துள்ளார்' என்று பச்சையாகக் காட்டியது. எட்டு நாற்பத்தைந்துக்குத் திரை மூடியது. வந்த நான்கு பேருக்கும் சுகுமாறன் வினாநிரல் தயாரிப்பதைப் பற்றி முழுப் பாடமும் நடத்தினார்.

பிரவின் பத்து இருபதுக்கு வந்தான். தெலுக் பூலாய் நிலையத்திலிருந்து ஓடி வந்திருந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வகுப்பு முடிந்து விவியன் படியில் நின்றாள். கட்டடத்தைப் பார்த்தான், எதிர்வீட்டுக் கதவில் இருந்த எண்ணைப் பார்த்தான், வாசலில் காய்ந்த அவளுடைய சிவப்புத் துப்பட்டாவைப் பார்த்தான். தண்ணீர் கேட்டான். அவள் வீட்டுக்குள் ஓடிப் போய்க் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்தான்.

"படிவத்துல சுங்கை பூலோன்னு எழுதுறதுக்கும் அதே பத்து செகண்டுதான் ஆயிருக்கும், இல்ல?"

"ஆமா," என்றாள் விவியன்.

அவன் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான். "பரவால்லலா. தண்ணிக்கு தேங்க்ஸ்," என்று சொல்லிவிட்டு நிலையத்துக்குத் திரும்பி நடந்தான். பரவாயில்லை என்று அவன் சொன்னது அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அன்றோடு ஆறாவதை எட்டியவர்கள் ஏழு பேர். எல்லாரும் முறையீடு செய்தார்கள். விசாரித்த குழு, கட்டடம் மாணவர் கருத்துக்கு இணங்கவே இடம் மாறியிருப்பதால் பல்கலைக்கழகத்தின் மேல் தவறில்லை என்று இரண்டு பக்கம் எழுதியது. அடுத்த திங்கள்கிழமை விவியன் அதே பெட்டியில் 'சி பிளாக் திரும்பிப் போகலாம்' என்று எழுதினாள், ஆனால் அனுப்பவில்லை. அவளுக்கு இன்னும் ஆறு வகுப்பு மிச்சம் இருந்தது. பிரவினுக்குத்தான் ஆறு ஆகிவிட்டதே, இனி அனுப்பி யாருக்கு என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காஜாங்கிலிருந்து ஐந்து மணிக்குப் புறப்பட்டு வருகிறவர்களை அப்போது அவள் நினைத்துப் பார்க்கவில்லை, அல்லது நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். தேர்வு எழுதினாள், தேறினாள். கடைசித் தாள் முடிந்த நாளே செயலி அவள் கணக்கை மூடிவிட்டது. டிசம்பரில் பட்டம் வாங்கினாள். டொரத்தி அந்தப் படத்தை வெண்கலப் பதக்கத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

குழுவின் அறிக்கை வெளியே கசிந்ததும் பெட்டியின் சேதி ஊரறிந்தது. அடுத்த செமஸ்டரின் முதல் திங்களன்று நான்காயிரம் கருத்துகள் வந்து விழுந்தன. ஆளாளுக்குத் தன் வீட்டு வாசலைக் கேட்டார்கள். சி பிளாக் மூன்று நாள் நடுங்கியது, வடக்குச் சுவரில் ஒரு விரிசல் விட்டது, பிறகு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது, அதன் பிறகு எந்தச் செவ்வாயும் நகரவில்லை. தரக் கண்காணிப்புப் பிரிவு பெட்டியை மூடியது. நாற்பத்திரண்டு கேள்விகள் மட்டும் இருக்கின்றன, அவற்றுக்கு இன்றும் சராசரி நான்கு புள்ளி தொண்ணூறுக்குக் குறைவதில்லை. தெலுக் பூலாய்க்காரர்கள் கட்டடத்துக்குப் பழகிவிட்டார்கள். முதல் மாடிக் கம்பியில் துணி காயப் போடுகிறார்கள், மரியநாயகம் வீட்டில் இருக்கும் நாட்களில் லோரியை அதன் நிழலில் நிறுத்துகிறார். நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு சாலையோர ஒட்டுக்கடைகள் வந்துவிட்டன.

'ஆய்வு முறைகள்' மார்ச் செமஸ்டரில் மட்டும் நடக்கிற பாடம். பிரவின் மறு மார்ச்சில் திரும்பி வந்தான். சுங்கை பூலோ பாலர்பள்ளி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவனுக்குக் கிடைக்கும் முதல் ரயில் தெலுக் பூலாய்க்கு எட்டு முப்பத்தெட்டுக்கு வரும், நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ரயில் நேரத்துக்கு வந்தால் எல்லாம் சரி. விவியன் இப்போது பண்டமாரானில் ஒரு பாலர்பள்ளியில் ஆசிரியை, ஒன்பதரைக்குப் போனால் போதும். செவ்வாயும் வியாழனும் எட்டு இருபத்தைந்துக்கு அவள் சி பிளாக் படிக்கட்டில் நிற்கிறாள். டாக்டர் சுகுமாறன் காரிலிருந்து இறங்கியதும் சார், ஒரு சந்தேகம் என்று தொடங்குகிறாள். தேர்வில் தேறிய பாடத்தில் இன்னும் என்ன சந்தேகம் என்று அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. முதல் இரண்டு வாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதில் சொன்னார், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அவர் திரையில் போட்டால்தான் பதினைந்து நிமிடம் தொடங்கும். இருபது வருடக் கௌரவம் படிக்கட்டிலேயே போய்க்கொண்டிருக்கிறது. இவர்கள் மூன்று பேரும் இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசியது கிடையாது. பிரவின் வருவான், இருவருக்கும் தலையசைப்பான், மேலே போவான். ஒரு நாளாவது அவன் எத்தனை என்று கேட்பான் என்று விவியன் எதிர்பார்க்கிறாள். அவன் கேட்பதில்லை. பெயர்ப்பட்டியலை அவள் அலுவலகத்தில் பார்த்துவிட்டாள், இந்த முறையும் ஐந்து.

போன வியாழக்கிழமை ரயில் இருபத்தைந்து நிமிடம் தாமதம் என்று அறிவிப்பு வந்தது. எட்டரை, எட்டு நாற்பது, எட்டு ஐம்பது. மாதிரி எடுப்பதைக் கேட்டாள், பிழை அளவைக் கேட்டாள், போன வாரம் கேட்டதையே மறுபடியும் கேட்டாள். மேலே மாணவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவளிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. சுகுமாறன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சார், இன்னும் ஒன்னே ஒன்னு. கேக்கறவங்களுக்குப் பயந்துகிட்டு எல்லாரும் பொய்யா பதில் சொன்னா, அந்த ஆய்வ என்ன சார் செய்றது?"

சுகுமாறன் நிலையத்துப் பக்கம் பார்த்தார். தெருவில் இன்னும் யாரும் இல்லை.

"அதுக்குப் பதில் கொஞ்சம் நீளம்மா," என்று சொல்லிவிட்டுத் தோளிலிருந்து பையை இறக்கிப் படிக்கட்டில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார்.